நார்ச்சத்தைக் கூட்டுவது எப்படி: ஒரு மாதத்தில் முடிகிற வேலை

வாழைத்தண்டு நறுக்கியிருக்கிறீர்களா? ஒரு வில்லை அறுத்ததுமே கத்திக்கும் தண்டுக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி இழுக்கும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே அடுத்த வில்லையை அறுக்க வேண்டும், ஏழெட்டு வில்லை முடிவதற்குள் விரலில் ஒரு வெள்ளை மோதிரம் சேர்ந்திருக்கும், அதை உருவிக் குப்பையில் போடுவோம். முதல் தடவை நான் இதைச் செய்தபோது வந்த சந்தேகம், இந்த நாரைத்தானே டாக்டர் சாப்பிடச் சொன்னார், பிறகு எதற்கு எறிகிறோம் என்பது. அம்மாவிடம் கேட்டேன். "தொண்டையில சிக்கும்டா, பேசாம நறுக்கு" என்றார்.

புதிதாகத் தொடங்குகிற பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. பெயரே அப்படி. நார்ச்சத்து என்றதும் அவரைக்காயில் உரிக்கிற நார், மாம்பழம் தின்றால் பல்லில் மாட்டுகிற நார் என்றுதான் மனது போகும். கொண்டைக்கடலையில் கண்ணுக்குத் தெரிய ஒரு நார் கிடையாது, ஆனால் வேகாத கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தாவரத்தில் இருந்து வந்து, நம் சிறுகுடலால் உடைத்து உறிஞ்ச முடியாமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிற மாவுப்பொருள் வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. தோலில் இருக்கும், விதையில் இருக்கும், தவிட்டில் இருக்கும், காயின் சதைக்குள்ளேயும் பரவிக் கிடக்கும். கறி, மீன், முட்டை, பால், தயிர், எண்ணெய், சர்க்கரை இவற்றில் சுத்தமாகக் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் கணக்கு முடிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் இரண்டுமே எல்லைக்கோட்டில் நின்றன. "நார்ச்சத்து சேத்துக்கோங்க" என்று டாக்டர் அரை வாக்கியத்தில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதில் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது, ஒன்றும் தெரியாது. வரும் வழியிலேயே தவிட்டு பிஸ்கட் இரண்டு பாக்கெட், பழுப்பரிசி 5 கிலோ, முளைகட்ட ஒரு கிலோ பச்சைப்பயறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்றும் மூன்று விதமாகத் தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்களாவது தப்பிக்கலாம்.

உள்ளே போய் என்ன செய்கிறது

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு டம்ளரில் பார்ப்பது சுலபம். மருந்துக் கடையில் இசப்கோல் கிடைக்கும், குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைகிற ஒரு செடியின் விதை உமி. ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, குடிக்காமல், பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். தண்ணீர் காணாமல் போயிருக்கும். டம்ளரைச் சாய்த்தால் கொழகொழவென்று ஒரு கூழ் நகரும். கரையும் நார்ச்சத்து என்பது இதுதான். ஊறவைத்த வெந்தயத்தின் மேல் வழுக்குவது, வெண்டைக்காயின் கொழகொழப்பு, ரோஸ்மில்க்கில் போடுகிற சப்ஜா விதையைச் சுற்றி உப்பி நிற்பது, ஓட்ஸ் கஞ்சி ஆறினால் இறுகுவது எல்லாம் இந்த ஜாதிதான். மதுரைக்காரர்களின் ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினும் கடற்பாசியும்கூட இதே வகை, கூடவே எவ்வளவு சர்க்கரை போகிறது என்பதைக் கேட்காதீர்கள்.

இந்தக் கூழ் குடலுக்குள் உருவாகும்போது சாப்பாட்டில் இருக்கிற மாவுச்சத்து அதற்குள் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியே வரும், அதனால் சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் நிதானமாக ஏறும். கொலஸ்ட்ரால் கதை இன்னும் கொஞ்சம் சுவாரசியம். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலம் சுரக்கிறது, அதைச் செய்வதற்கு மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். வேலை முடிந்ததும் இந்தப் பித்த அமிலத்தில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும், ஒரே சரக்கு திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். கூழ் நடுவில் புகுந்து அதில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விட்டால் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்கு ரத்தத்தில் இருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். ஓட்ஸில் இருக்கிற பீட்டா குளுக்கான் என்கிற கரையும் நார்ச்சத்து தினம் 3 கிராம் போனால் கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு இறங்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது இந்தச் சங்கதி.

கரையாத வகை வேறு. கோதுமைத் தவிடு, பயறின் தோல், காயின் சக்கை. இது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்துக்கு எடை கொடுக்கும், குடலை நகர வைக்கும். மலச்சிக்கல், மூலம் என்று அவதிப்படுகிறவர்களுக்கு உடனே பலன் தெரிவது இதில்தான்.

மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். நம்மால் செரிக்க முடியாததைப் பெருங்குடலில் இருக்கிற கோடானுகோடி பாக்டீரியாக்கள் தின்னும். தின்று அவை வெளியே விடுகிற கொழுப்பு அமிலங்களில் பியூட்டிரேட் என்று ஒன்று, பெருங்குடலின் உள்சுவரில் இருக்கிற செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். நீங்கள் பாக்டீரியாவுக்குப் போட்டால் அது உங்கள் குடலுக்குப் போடுகிறது. தின்னும்போது வாயுவும் வரும். அது பற்றி அப்புறம் வருகிறேன், எனக்கு ஒரு சோகக் கதை இருக்கிறது.

உகாண்டாவில் ஒரு டாக்டர்

இதை உலகம் கவனிக்கத் தொடங்கியது 1970களில். டெனிஸ் பர்கிட் என்று அயர்லாந்துக்காரர், சிறுவயதிலேயே ஒரு கண் போனவர், உகாண்டாவில் பல வருடம் அறுவை சிகிச்சை நிபுணராக வேலை பார்த்தார். மேற்கத்திய ஆஸ்பத்திரிகளில் தினம் பார்க்கிற குடல் சம்பந்தமான நோய்கள் பல அங்கே கிராமத்து ஆட்களிடம் அபூர்வமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகிறது, எவ்வளவு எடை வருகிறது என்று எல்லாவற்றையும் அளந்தார்கள் அவரும் அவர் சகாக்களும். ஆமாம், எடை போட்டார்கள். உகாண்டா கிராமத்து ஆளின் ஒரு நாள் மலம் பிரிட்டிஷ் ஆளுடையதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது, உள்ளே தங்குகிற நேரமோ பாதிக்கும் குறைவு. அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே பின்னால் அப்படியே நிற்கவில்லை, ஆனால் பொதுவான திசை சரி. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் நியூசிலாந்துக் குழு ஒன்று 185 நீண்டகால ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர்களிடம், மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டால், மாரடைப்பு, பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் இவையெல்லாம் 15இல் இருந்து 30 சதவீதம் வரை குறைவாக இருந்தன. நல்ல பலன் தெரிந்த அளவு தினம் 25 முதல் 29 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்கு பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம், 2 முதல் 5 வயது வரை 15, 6 முதல் 9 வரை 21, பத்து வயதுக்கு மேல் பெரியவர்கள் அளவு. நான் 30 என்று வைத்துக்கொள்கிறேன், நினைவில் நிற்கும்.

முதல் வேலை: ஒரு நாள் எழுதி வையுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் நேற்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராம் கணக்குக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணை இருக்கிறது, நம் ஊர்ப் பொருளுக்கு அதுதான் சரி, வெளிநாட்டு அட்டவணை எண்கள் சில இடங்களில் நன்றாகவே வித்தியாசப்படும். என்னுடைய ஒரு நாள் இப்படி இருந்தது: காலையில் 4 இட்லி, தேங்காய்ச் சட்னி, அதில் 6 கிராம் போல. மதியம் சோறு, அதில் 4. சாம்பாரில் இருக்கிற பருப்பு 2. பொரியல் இரண்டு கரண்டி, 2. ரசம், மோர், அப்பளம், ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாயந்திரம் டீயும் நான்கு பிஸ்கட்டும், 1 என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். இரவு மூன்று தோசை, 4. கூட்டினால் 19. ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்ட நாளில் இன்னும் குறையும், மைதாவில் 100 கிராமுக்கு 3 கிராம்கூடக் கிடையாது.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, குறை 11 கிராம்தான், அதற்காகச் சமையலறையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம்.

அரிசியை மாற்றினால் போதுமா?

எல்லோரும் முதலில் கை வைப்பது இங்கேதான், நானும் அப்படித்தான் அந்த 5 கிலோ பழுப்பரிசியை வாங்கினேன். கணக்கைப் பாருங்கள். வெள்ளைப் பச்சரிசி 100 கிராமில் சுமார் 2.8 கிராம், புழுங்கலில் 3.7, தவிடு நீக்காத அரிசியில் 4.4. ஒரு வேளைக்கு 130 கிராம் அரிசி போடுகிறோம் என்றால் பச்சரிசியில் இருந்து தவிடு நீக்காததுக்கு மாறினால் கிடைக்கிற லாபம் 2 கிராம், ஏற்கெனவே புழுங்கல் சாப்பிடுகிறவருக்கு ஒரு கிராம். அதற்கு வேகாத அரிசியோடு மல்லுக்கட்டி, வீட்டில் எல்லோர் முகத்தையும் பார்த்து... வேண்டாம். பிடித்தால் சாப்பிடுங்கள், அதில் வேறு சத்துகளும் இருக்கின்றன, ஆனால் நார்ச்சத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு சிரமத்துக்கு அது கொடுப்பது கொஞ்சம்.

பலன் இருப்பது சோற்றின் பக்கத்தில். நம் தட்டில் சோறு மலை, பொரியல் ஓரத்தில் ஒரு பொட்டு. நான் இப்போது செய்வது, பொரியலுக்கு ஒரு தனிக் கிண்ணம். சோறு போடுவதற்கு முன்னாலேயே அந்தக் கிண்ணம் நிறையக் காய் வாங்கிக்கொள்வேன், சோற்றுக் கரண்டியில் ஒன்று குறையும், அதுவாகவே குறையும். 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட தட்டுப் படத்தில் ஒரு நாளைக்குக் காய் 400 கிராம், பழம் 100 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். 400 கிராம் காய் என்றால் எவ்வளவு என்று தெரிய ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள், நான் வைத்தேன், நான்கு பேர் இருக்கிற எங்கள் வீட்டுக்கு மொத்தமாகவே அரைக்கிலோ கத்தரிக்காய்தான் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

எந்தக் காய் என்று கேட்டால், கொத்தவரை, அவரை, பீன்ஸ், வெண்டை எல்லாம் 100 கிராமுக்கு 4 கிராமும் அதற்கு மேலும். வாழைப்பூ 5 போல. முட்டைக்கோஸ் நடுத்தரம். சுரை, பூசணி, பீர்க்கு தண்ணீர்க்காய்கள், கம்மி. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் தம்பி. முருங்கைக்காய்க்கு அட்டவணையில் 7 கிராம் போட்டிருந்தாலும் மென்று சக்கையைத் துப்பிவிடுகிறோமே, நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். முருங்கைக்கீரை 8 கிராம், அதில் துப்புவதற்கு ஒன்றும் கிடையாது.

சுண்டலும் கொய்யாவும்

ஒரு மாதம் முயற்சி செய்து கடைசியில் இரண்டு பழக்கம் மட்டும் தங்கும் என்றால் இந்த இரண்டும் தங்கட்டும்.

முழுப் பயறு வகைகள்தான் இந்த ஆட்டத்தில் ராஜா. வேகாத 100 கிராமுக்குக் கணக்கு: தோலோடு இருக்கிற கொண்டைக்கடலை 25 கிராம், முழுப் பச்சைப்பயறு 17, துவரம்பருப்பு 9. முழுப் பச்சைப்பயறை உடைத்துத் தோல் நீக்கிப் பாசிப்பருப்பாக்கினால் 17 என்பது 9 ஆகிவிடும், தோலில் எவ்வளவு போகிறது பாருங்கள். கொள்ளு என்று எல்லோரும் ஆஹா ஓஹோ என்பார்கள், ஆனால் நார்ச்சத்தில் அது 8 கிராமுக்கும் கொஞ்சம் கீழேதான். வேகாத கொண்டைக்கடலை 40 கிராம், ஒரு பெரிய கைப்பிடி, ஊறி வெந்தால் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல். அதில் 10 கிராம். எனக்குக் குறைந்த 11இல் 10 இங்கேயே வந்துவிட்டது. நவராத்திரிக்கு ஒன்பது நாள் செய்கிறதை மற்ற நாளிலும் செய்கிறோம், அவ்வளவுதான். பிஸ்கட் தின்கிற அந்த நாலரை மணிக்கு இதைத் தின்றால் இரவுச் சாப்பாட்டு அளவும் தன்னால் குறையும்.

கொய்யா 100 கிராமில் 8 கிராமுக்கு மேல். வாழைப்பழத்தில் 2 தான், மலச்சிக்கலுக்கு வாழைப்பழம் என்று ஊரே சொன்னாலும். கொய்யாவை விதையோடு, தோலோடு கடித்துச் சாப்பிட வேண்டும். மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் வடிகட்டியில் தங்கியதுதான் நமக்கு வேண்டியது, டம்ளருக்குள் போனது சர்க்கரைத் தண்ணீர். ஆரஞ்சு, மாதுளை, எல்லாப் பழத்துக்கும் இதே சட்டம்.

சமைத்தால் நார்ச்சத்து போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. குக்கரில் வைத்தாலும், வதக்கினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். போவது உரிக்கும்போதும், வடிகட்டும்போதும், சலிக்கும்போதும்.

சலிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. கோதுமையை மில்லில் அரைத்து வாங்கி வந்ததும் அம்மா சல்லடையில் தட்டித் தட்டிச் சலித்து, மேலே நிற்கிற தவிட்டை ஒரு டப்பாவில் சேர்த்து எதிர்வீட்டு மாட்டுக்குக் கொடுப்பார். அந்த மாடு கொலஸ்ட்ரால் இல்லாமல் நன்றாக இருந்தது. சலிக்காத கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் இருக்கிறது. பூச்சி, கல் பார்ப்பதை அரைப்பதற்கு முன்னால் தானியத்திலேயே பார்த்துவிட்டு, மாவைச் சலிக்காமல் பிசைந்தால் சப்பாத்தி கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், மாவைப் பிசைந்து அரைமணி நேரம் கூடுதலாக ஊறவிட்டால் அதுவும் தெரியாது.

சிறுதானியத்தில் ராகி, கம்பு இரண்டும் 11 கிராம், சோளம் 10. சாமை 8க்குக் கொஞ்சம் கீழே, வரகு 6. இங்கே ஒரு எச்சரிக்கை: கடையில் பளபளவென்று வெள்ளையாக இருக்கிற சாமையும் வரகும் நன்றாகத் தீட்டியவை, அவற்றில் மேலே சொன்ன எண்ணை எதிர்பார்க்காதீர்கள். மங்கலாக, கொஞ்சம் அழுக்கு நிறமாக இருப்பதைத் தேடுங்கள். ராகியையும் ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து வடிகட்டிக் குழந்தைக்குக் கொடுப்பது வேறு, ராகிக் களி கிண்டுவது வேறு. வாரத்தில் மூன்று இரவு தோசைக்குப் பதில் கம்பு தோசையோ ராகி அடையோ என்று வைத்துக்கொண்டால் போதும்.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பீர்கள். வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சின்னப் பங்கு மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது, நார்ச்சத்து மாதிரியே வேலை செய்கிறது. உண்மைதான். ஆனால் கூடுவது கொஞ்சம், வாட்சப்பில் வருகிற அளவுக்கு இல்லை. கூடவே கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்தமான இன்யூலின் வகை நார்ச்சத்து அதில் இருக்கிறது.

இனி என் சோகக் கதை

வாங்கி வந்தேன் என்று சொன்னேனே, அந்தப் பச்சைப்பயறு. முதல் வாரமே காலையில் ஒரு பெரிய கிண்ணம் முளைகட்டியது, பச்சையாக. சாயந்திரம் சுண்டல். இரவு ராஜ்மா. இரண்டு நாள் வீரமாக இருந்தேன். மூன்றாம் நாள் மதியம் ஆபீசில், ஏசி ஓடுகிற, ஜன்னல் இல்லாத ஒரு அறையில், எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் வயிற்றுக்குள் இடி இடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் ஃபோன் அதிர்கிறது என்று தன் பையைத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று சொல்லி இரண்டு மாதம் பழையபடி பிஸ்கட்டுக்கே போய்விட்டேன்.

தப்பு பயறில் இல்லை, வேகத்தில். இருபது கிராம் சாப்பிட்டுப் பழகிய குடலுக்குள் திடீரென்று நாற்பது கிராம் கொட்டினால் அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் கிடைத்தவரை தின்று வாயுவாக விடும். அந்தக் கூட்டம் புதுச் சாப்பாட்டுக்கு ஏற்ப மாறுவதற்குச் சில வாரம் வேண்டும். அதனால் வாரத்துக்கு 5 கிராம் போல ஏற்றுவதுதான் கணக்கு. முதல் வாரம் பொரியல் கிண்ணம் மட்டும், வேறு எதையும் மாற்றாதீர்கள். இரண்டாம் வாரம் தினம் ஒரு பழம், கொய்யா கிடைத்தால் கொய்யா. மூன்றாம் வாரம் சுண்டல், ஒருநாள் விட்டு ஒருநாள், அரைக் கிண்ணத்தில் தொடங்கி. நான்காம் வாரம் ராத்திரி தானியத்தை மாற்றுவது. நடுவில் எந்த வாரமாவது வயிறு உப்பினால் அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே இன்னொரு வாரம் நில்லுங்கள், வெட்கமில்லை.

பயறை எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் வாயு குறையும், வாயுவைக் கிளப்புகிற சர்க்கரை வகைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். இஞ்சி, பெருங்காயம் தாளிப்பதை நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

தண்ணீர். இதை விட்டுவிட்டால் எல்லாம் தலைகீழாகப் போகும். டம்ளரில் இசப்கோல் தண்ணீரைக் குடித்ததைப் பார்த்தீர்களே, உள்ளேயும் அதையே செய்யும், தண்ணீர் இல்லாவிட்டால் இறுகிப்போய் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். முன்னால் குடித்ததைவிட இரண்டு மூன்று டம்ளர் சேர்த்துக் குடியுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன அளவுதான்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்

ரத்தப் பரிசோதனைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் தினமும் காலையில் ஒரு ரிசல்ட் வருகிறது, திரும்பிப் பார்க்க நாம் கூச்சப்படுகிறோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர டாக்டர்கள் 1997இல் மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்டே வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் அதுதான் அளவுகோல். ஒன்றாம் எண் ஆட்டுப் புழுக்கை. ஏழாம் எண் வெறும் தண்ணீர். நீளமாக, வழுவழுப்பாக, முக்காமல் வருவது நான்கு, அதுதான் இலக்கு, மூன்றும் பரவாயில்லை. நான் தொடங்கியபோது இரண்டில் இருந்தேன். ஐந்தாவது வாரம் நான்கு.

பவுடரும் பிஸ்கட்டும்

பாக்கெட்டில் "நார்ச்சத்து நிறைந்தது" என்று போட வேண்டுமானால் 100 கிராமில் குறைந்தது 6 கிராம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, "நார்ச்சத்து உள்ளது" என்பதற்கு 3 போதும். சரி, 6 கிராமே இருக்கட்டும். நான்கு பிஸ்கட் 30 கிராம். அதில் 2 கிராம்கூட வராது, கூடவே சர்க்கரையும் கொழுப்பும் இலவசம். பாக்கெட்டைத் திருப்பிப் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள், எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள், முதல் பெயர் மைதா என்றால் (சில இடத்தில் சுத்திகரித்த கோதுமை மாவு என்று மரியாதையாக எழுதியிருக்கும்) அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இசப்கோலை நான் குறை சொல்ல மாட்டேன். பிரயாணம், வயதானவர்கள், பல் இல்லாதவர்கள், இவர்களுக்கெல்லாம் அது உதவும். கலந்த உடனே குடிக்க வேண்டும், முழு டம்ளர் தண்ணீரோடு, படுக்கப் போகிற நிமிடத்தில் வேண்டாம். வெறும் உமியை வாயில் போட்டு விழுங்கவே கூடாது, தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்கள் தொட வேண்டாம். தைராய்டு மாத்திரை உட்பட வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எத்தனை மணி நேரம் என்று உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் சிலர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போகாமல் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள், குடலில் அடைப்போ சுருக்கமோ இருக்கிறவர்கள், குடல் அழற்சி நோய் தீவிரமாக இருக்கிற சமயம், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிற சிறுநீரக நோயாளிகள். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் சோற்றைக் குறைத்துக் காயை ஏற்றினால் சர்க்கரை இறங்கும், மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம், அதனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் வயிற்றுப் பழக்கம் மாறிப்போய் இருப்பது, இவற்றுக்குச் சுண்டல் மருந்தே கிடையாது. மூலமாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு செய்யாமல் காட்டிவிட வேண்டும்.

கடைசியாக, நடைமுறையில் எல்லோரும் சறுக்குகிற இடம். ராத்திரி கடலை ஊறப்போட மறந்துவிடுவோம். காலையில் ஞாபகம் வந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கடலை, மூன்றையும் ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிட்டு வேலையைப் பாருங்கள், மதியத்துக்குள் ஊறிவிடும், தண்ணீரை மாற்றிக் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விட்டால் சரி. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் முக்கால் கிலோ ஊறப்போட்டு வேகவைத்து, ஆறியதும் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். சாயந்திரம் ஒரு டப்பாவை எடுத்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஐந்து நிமிடம். அம்மாவுக்கு அந்த ஃப்ரீசர் ஏற்பாடு பிடிக்கவில்லை, ஆனால் நாலரை மணிக்குக் கிண்ணத்தோடு முதலில் வந்து நிற்பது அவர்தான்.